நாலாவது சக்கர மூடி

கீழே வருவது அத்தனையும் நிஜம். இதில் ஒரு சொல் கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் சொல்கிற நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளட்டும், இடது காது வலப்பக்கம் போய்விடட்டும். இவ்வளவு பெரிய ஆணை வைத்த பிறகும் சந்தேகப்படுகிறவர்கள், சந்தேகப்பட்ட பாவத்தைத் தாங்களே மூட்டை கட்டிச் சுமந்துகொள்ள வேண்டியதுதான்.

ஒரு தையல்காரர் இருந்தார். கோட்டும் கால்சட்டையும் மட்டும் தைப்பவர். மனிதர்களை முகத்தை வைத்து எடைபோடுகிற வழக்கம் அவருக்கு இல்லை; கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பை வைத்துத்தான் எதுவும். இடுப்பு முப்பத்திரண்டு என்று வந்தவர் சொன்னால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, டேப்பைச் சுற்றி முப்பத்தாறு என்று குறித்துக்கொள்வார். குறித்ததையும் நம்பாமல் இன்னொரு தடவை சுற்றுவார். தன் நிழலையே ஒருமுறை மத்தியானமும் சாயங்காலமும் அளந்து பார்த்து, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று அதனோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டவர்.

இப்பேர்ப்பட்டவர் அளக்காமல் விட்ட ஆள் உலகத்திலேயே ஒருவன்தான்: மனைவியின் தம்பி. (மனைவியை அளக்கலாம் என்கிற யோசனையே அவருக்கு வந்ததில்லை. அது வேறு கணக்கு.)

கல்யாணமான புதிதில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, மூக்கொழுக வந்து சேர்ந்தவன் அந்த மச்சினன். அவன் போட்ட முதல் முழுக்கால்சட்டை தையல்காரர் தைத்தது. வளர்கிற பிள்ளையாயிற்றே என்று கால் பக்கம் நிறையத் துணியை உள்ளே மடித்து வைத்துத் தைத்தார். அவன் வளர வளர மடிப்பைப் பிரித்துவிட்டுக்கொண்டே வந்தார். பையன் ஆளாகி, மீசை வைத்து, பழைய கார் வாங்கி விற்கிற தரகனான பிறகும் அந்தக் கால்சட்டையில் இன்னும் கொஞ்சம் மடிப்பு பாக்கி இருந்தது. அவ்வளவு தாராளம்.

தையல்காரரிடம் ஒரு கார் இருந்தது. அரதப் பழசு. ஆனால் அதன் நாலு சக்கரத்துக்கும் ராஜகளை. முன்பு வைத்திருந்த எவனோ ஆசைப்பட்டு மாட்டிய அலாய் வீல். துடைத்துவிட்டால் கண்ணாடி தோற்றுப்போகும். தையல்காரர் காலையில் கடைக்குக் கிளம்பும்முன் முன்சக்கரத்தில் பார்த்து வகிடு எடுப்பார். பின்சக்கரத்தில் பின்னந்தலை தெரியும். வீட்டில் கண்ணாடியே வாங்கவில்லை.

"அத்தான், இந்த வீல இப்படி வெளிய தெரியுற மாதிரி விட்டு வெக்காதீங்க," என்றான் மச்சினன் ஒரு நாள். "திருட்டுப் பசங்க கண்ணெல்லாம் இதுலதான் இருக்கும்."

"அதுக்கு என்ன மாப்ள பண்றது? வீட்டுக்குள்ள கொண்டுவந்து படுக்க வெக்கவா?"

"மூடி போட்டுடலாம். பூட்டு வெச்ச மூடி. என்கிட்ட விடுங்க."

காரை எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் கொண்டுவந்து நிறுத்தியபோது நாலு சக்கரத்திலும் நாலு மூடி, கம்பி கம்பியாக வேலைப்பாடு செய்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு போல்ட். போல்ட்டின் தலையில் பூப்போல ஒரு வெட்டு.

"அதே வெட்டு உள்ள சாவிய வெச்சாத்தான் திரும்பும் அத்தான். வேற எத வெச்சாலும் வழுக்கும். இனிமே எவன் வந்தாலும் கைய நக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

"சாவி?"

"அது என் பொறுப்பு. நீங்க ஊசியையே நாளைக்கு நாலு தொலைக்கிறீங்க."

தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளைக்குக்கூட இந்த அக்கறை வராது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் மூடியைப் பற்றி முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போக முடிந்தது.

அன்றிலிருந்து கார் இடப்பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. லேசாக அல்ல. ஸ்டியரிங்கை விட்டால் தானாக வட்டமடித்து வீட்டுக்கே திரும்பி வந்துவிடும். ஊரில் சாலைகளெல்லாம் சாய்ந்துவிட்டன என்று தையல்காரர் முடிவுகட்டினார். வலப்பக்கம் போக வேண்டியிருந்தால் மூன்று தடவை இடப்பக்கம் திரும்பிப் போய்ச் சேர்ந்தார். கடைக்கு வலப்பக்கம் இருந்த பொத்தான் கடைக்குப் போய்வர ஒரு டேங்க் பெட்ரோல் ஆனது. இதற்கெல்லாம் மச்சினன் காரணமாக இருப்பான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சாலை போட்டவனைத்தான் திட்டினார்.

வருஷங்கள் ஓடின. ஒரு காலை பார்த்தால், முன்பக்க இடது டயரில் காற்று இல்லை.

தையல்காரர் குடியிருந்த வீட்டின் மாடியில் ஒரு பல் டாக்டர் வைத்தியசாலை நடத்திவந்தார். நோயாளி வருகிறவரை ஜன்னலில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர் தொழிலின் பெரும்பகுதி.

"என்ன மாஸ்டர், வண்டி உக்காந்துடுச்சா?"

"பஞ்சர் டாக்டரே. சக்கரத்தக் கழட்டணும். அதுக்கு மூடியக் கழட்டணும். மூடிக்குச் சாவி வேணும். மச்சினனுக்குப் போன் போட்டுட்டேன்."

"என்ன சொன்னான்?"

"எங்கயோ வெச்சிருக்கானாம். தேடணுமாம். சாயங்காலம் வர்றேன், அதுவரைக்கும் மூடில கையே வெக்காதீங்கன்னு மூணு வாட்டி சொன்னான். எனக்கு அடிபட்டுடக் கூடாதேன்னு அவனுக்கு அவ்வளவு பயம்."

டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். மூடியைக் குனிந்து, நோயாளியின் வாயைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"மாஸ்டர், தொழில்முறையா ஒண்ணு சொல்லட்டுமா? நான் எத்தனையோ பேர் பல்லுக்கு மூடி போட்டிருக்கேன். நல்ல பல்லுக்கு இதுவரைக்கும் ஒருத்தனுக்கும் போட்டதில்ல."

"அதனால?"

"உள்ள சொத்தை இருக்கும்கிறேன்."

தையல்காரருக்குச் சுருக்கென்றது. கோட்டுக்கு லைனிங் வைத்துத் தைப்பதே உள்ளே இருக்கும் கந்தரகோளம் கண்ணில் படாமல் இருக்கத்தான் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆயுள் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். ஆனால் கோட்டு வேறு, மச்சினன் வேறு.

"டாக்டரே, இந்தத் தெருவுல நீங்க யாரப் பத்தி வேணா பேசுங்க. நானும் சேர்ந்து பேசறேன். அவனப் பத்திப் பேசாதீங்க. அவன் நான் தூக்கி வளர்த்த பிள்ள."

"நான் என்ன சொன்னேன்? சாவி தொலையலன்னேன்."

"அப்படிச் சொல்லலயே."

"இப்ப சொல்றேன்."

தையல்காரர் கழுத்திலிருந்த டேப்பை இறுக்கிக்கொண்டார். "சாயங்காலம் வரைக்கும் எதுக்கு? இப்பவே தொறக்கறேன். உள்ள என் சக்கரம் பளபளன்னு இருக்கும். இருந்தா, இனிமே என் மச்சினன் பேரு உங்க வாயில வரக் கூடாது."

"இல்லேன்னா?"

"இல்லேங்கற பேச்சுக்கே இடமில்ல."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. மச்சினன் நல்லவன் என்று நிரூபிக்க ஒரு மனிதர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தார்.

முதலில் எண்ணெய். தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெயைப் போல்ட்டின் மேல் விட்டார். துரு குடித்தது. இன்னும் விட்டார், அதையும் குடித்தது. டப்பா காலியாகி, பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் வாங்கி ஊற்றினார். துரு வாயைத் துடைத்துக்கொண்டு இன்னும் இருக்கிறதா என்பதுபோல் பார்த்தது. மிச்சம் தெருவில் ஓடியது. அன்றைக்கு அந்தத் தெருவில் நடந்தவர்களெல்லாம் போக வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்கள்.

பிறகு போல்ட் தலையின் மேல் ஒரு ஸ்பானரை வைத்துச் சுத்தியலால் இறுக அடித்து ஏற்றி, திருகிப் பார்த்தார். ஸ்பானர் திரும்பியது, போல்ட் திரும்பவில்லை. உளியை வைத்து அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் கார் தானாக ஹார்ன் அடித்தது. ஓர் அடியின் அதிர்ச்சியில், மாடியில் காத்திருந்த நோயாளி ஒருவரின் ஆடிக்கொண்டிருந்த பல் தானாகக் கழன்று மடியில் விழுந்தது. அவர் பல்லைக் கர்ச்சீப்பில் மடித்து எடுத்துக்கொண்டு, கீழே வந்து தையல்காரருக்குக் கைகூப்பிவிட்டுப் போனார். டாக்டருக்கு முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

மூடிக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பினார். ஸ்க்ரூடிரைவர் கேள்விக்குறிபோல வளைந்து அவரையே பார்த்தது. கயிற்றின் ஒரு முனையை மூடியிலும் மறு முனையை விளக்குக் கம்பத்திலும் கட்டிக் காரைப் பின்னால் எடுத்தார். மூடி அசையவில்லை. கம்பம்தான் குனிந்தது. இன்றுவரைக்கும் அந்தக் கம்பம் அந்த வீட்டைப் பார்த்துக் குனிந்தபடிதான் நிற்கிறது. புதிதாகக் குடிவருகிறவர்கள் ஏதோ பெரிய மனுஷன் வீடு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இத்தனை நேரமும் தையல்காரரின் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் இரண்டு தடவை டீ கொண்டுவந்து வைத்தாள்.

"தம்பிதான் வர்றேன்னு சொல்லியிருக்கானே," என்றாள். "எதுக்கு இப்படிப் போட்டு அடிச்சுக்கறீங்க? கை கொப்புளிச்சுப் போச்சு பாருங்க."

"உன் தம்பி மானத்துக்காகத்தான் அடிக்கறேன். நீ உள்ள போ."

அவள் உள்ளே போகவில்லை.

கடைசியில் டாக்டருக்கே பொறுக்கவில்லை. மாடிக்குப் போய்ப் பல் குடைகிற டிரில்லை நீளமான ஒயரோடு இறக்கிக் கொண்டுவந்தார். கையுறை மாட்டிக்கொண்டார். மூடியின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, வழக்கம் விடாமல், முதலில் போல்ட்டின் ஓரமாக மரத்துப்போகிற ஊசி ஒன்றைப் போட்டார்.

"வலிச்சா கையத் தூக்கு," என்றார்.

அது தூக்கவில்லை. டிரில் உள்ளே போனது. இரும்புத் தூள் கொட்டியது. போல்ட்டின் நடுவைக் குடைந்து குடைந்து, தலை வேறு உடம்பு வேறாக்கியதும் டாக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வாயக் கொப்புளிச்சுத் துப்பு," என்றார் பழக்கத்தில். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் லீவரைக் கொடுத்து, ஒரே சமயத்தில், ஒரே அழுத்தத்தில் நெம்பினார்கள். மூடி 'ணங்' என்று கழன்று, தெருவோடு உருண்டு, மூலை திரும்பி எங்கோ போய்விட்டது. அதை யாரும் துரத்தவில்லை.

உள்ளே அலாய் வீல் இல்லை.

ஒரு துருப்பிடித்த இரும்புச் சக்கரம் இருந்தது. மூடியின் கம்பி இடுக்குகள் வழியாகப் பார்த்தால் கண்ணில் படுகிற இடத்துக்கு மட்டும் வெள்ளிப் பெயிண்ட் பூசியிருந்தது. மற்ற இடமெல்லாம் சிரங்கு.

டாக்டர் வாயைத் திறக்கும்முன் தையல்காரர் முந்திக்கொண்டார்.

"ஸ்டெப்னி. எப்பவோ பஞ்சராகியிருக்கும், அவசரத்துக்கு ஸ்டெப்னிய மாட்டியிருப்பான். சொன்னா நான் வருத்தப்படுவேன்னு சொல்லியிருக்க மாட்டான்."

"ஆமா. இளகின மனசு."

"அடுத்ததத் தொறங்க. அது சரியா இருக்கும்."

வித்தை பிடிபட்டுவிட்டதால் முன்பக்க வலது மூடி சீக்கிரம் வந்தது. அங்கே இருந்தது வேறொரு காரின் சக்கரம். முதலாவதோடு ஜோடி சேராதது. ஐந்து நட்டு இருக்க வேண்டிய இடத்தில் நாலு. ஐந்தாவது ஓட்டையில் ஒரு நூல்கண்டை வைத்து அடைத்திருந்தது. கருநீல நூல். சில வருஷங்களுக்கு முன் கடையில் காணாமல்போய், தையல்காரர் மிஷினையே பிரித்துப்போட்டுத் தேடிய கண்டு.

தையல்காரர் அதைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"நட்டு கிடைச்சிருக்காது," என்றார் மெதுவாக. "கைக்குக் கிடைச்சத வெச்சு சமாளிச்சிருக்கான். எங்கிட்ட வளர்ந்த பிள்ளயில்லயா, நூல வெச்சே எல்லாத்தையும் தெச்சுடலாம்னு நெனப்பு."

டாக்டர் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தையல்காரருக்கு என்னவோ செய்தது. கேலி பண்ணினால் பதில் சொல்லலாம். சும்மா இருக்கிறவரிடம் என்ன சொல்வது?

பின்பக்க இடது மூடியை டாக்டர் தயங்கித் தயங்கித்தான் குடைந்தார். "நாளைக்குப் பாத்துக்கலாமே மாஸ்டர்," என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். மூடி வந்தது. உள்ளே இருந்தது கார்ச் சக்கரமே இல்லை. மூட்டை தள்ளுகிற கைவண்டியின் சக்கரம். மரம். அதன் மேல் டயரை இழுத்து மாட்டி, ஆணி அடித்திருந்தது.

தையல்காரர் காரணம் தேடினார். மனசுக்குள் எல்லா அலமாரியையும் திறந்து பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. கழுத்திலிருந்து டேப்பை உருவினார். தரையில் மண்டியிட்டு மூன்று சக்கரத்தையும் ஒவ்வொன்றாக அளந்தார். மறுபடி அளந்தார். மூன்றும் மூன்று அளவு. ஒரே சட்டைக்கு ஆளுக்கொரு கை வைத்துத் தைத்ததுபோல. சாலைகள் எதுவும் சாயவில்லை. வளர்த்த பிள்ளையை அவர் முதன்முதலாக அளந்தது அப்போதுதான்.

நாலாவது பாக்கி. டாக்டர் டிரில்லைக் கீழே வைத்துவிட்டார்.

மச்சினன் வந்து சேர்ந்தது அந்த நேரத்தில்தான். அவன் கார் தெருவில் திரும்பியது. எதிர்ச் சுவரை ஒட்டி நின்றது. இறங்கியவன், தெருவில் கிடந்த இரும்புத்தூளையும், அம்மணமாக நின்ற மூன்று சக்கரங்களையும் பார்த்தான். கதவைச் சாத்தக்கூட மறந்து நின்றான்.

"அத்தான், நான்தான் கைய வெக்காதீங்கன்னு சொன்னேனே."

தையல்காரர் அவனைப் பார்க்கவில்லை. அவன் காரின் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிபோல மின்னுகிற அலாய் வீல். அதன் விளிம்பில் பிறைபோல ஒரு வடு. மச்சினன் இவர் காரில் ஓட்டப் பழகிய காலத்தில் நடைபாதைக் கல்லில் மோதி உண்டாக்கிய வடு. அன்றைக்குப் பயந்து அழுதவனிடம் 'போனாப் போகுது விடு, வீல்தான்' என்று சொன்னவர் இவர்தான். அந்த வடு வாராவாரம் இந்த வாசலில் வந்து நின்றிருக்கிறது. வாளியும் துணியுமாகப் போய் மச்சினன் காரை இவரே ஆசையாகத் துடைத்துவிட்டிருக்கிறார். 'உன் வீலு அம்சமா இருக்கு மாப்ள' என்று சொல்லியிருக்கிறார்.

'எல்லாம் நீங்க குடுத்த வாழ்வுதான் அத்தான்' என்பான் அவன்.

"என்னோடது எப்படி அங்க போச்சு?" என்று கேட்டார். சத்தமே போடவில்லை.

"அத்தான், வீடு ஒண்ணுதானே. உங்க வீட்டுல இருந்தா என்ன, என் வீட்டுல இருந்தா என்ன? நீங்க ஓட்டுறது வீட்டுக்கும் கடைக்கும். நான் நாலு ஊரு சுத்துறவன். பழைய கார் விக்கறவன் வண்டி பாக்க லட்சணமா இருந்தாத்தானே வாங்க வர்றவன் நம்புவான்?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே மாப்ள."

"அதான் கேக்கல."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். மச்சினன் தலையைச் சொறிந்துகொண்டான். "கேட்டா குடுத்துடுவீங்கன்னு தெரியும். அப்புறம் ஆயுசுக்கும் நீங்க குடுத்ததாயிடும். கால்சட்டையில இருந்து எல்லாமே நீங்க குடுத்ததுதான் அத்தான். இது ஒண்ணாவது நானா சம்பாதிச்சதா இருக்கட்டும்னு நெனச்சேன்."

"திருடினத சம்பாதிச்சதும்பியா?"

"எங்க தொழில்ல அப்படித்தான் சொல்லுவோம்."

தையல்காரருக்குச் சிரிப்பு வந்ததுபோல இருந்தது. வரவில்லை. "சாவியக் குடு," என்றார்.

"என்கிட்ட இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா என்கிட்ட இல்ல." அவன் கண் வாசற்படிப் பக்கம் போனது.

தையல்காரரும் அங்கே திரும்பினார். மனைவி உள்ளே போய், சமையலறைக் கதவு ஆணியில் எப்போதும் தொங்குகிற சாவிக்கொத்தோடு வந்தாள். வீட்டுச் சாவி, அலமாரிச் சாவி, மொட்டைமாடிச் சாவி. அவற்றின் நடுவில் குட்டையாக, நுனியில் பூ வெட்டோடு ஒன்று. ஒவ்வொரு காலையும் அதே ஆணியில் மாட்டியிருக்கும் கடைச் சாவியை எடுக்கும்போது தையல்காரரின் விரல் பட்ட ஒன்று.

"ஒரு நாளும் இது எதோட சாவின்னு நீங்க கேக்கல," என்றாள்.

"காலைல இருந்து அடிச்சுட்டு இருக்கேன். நீ பாத்துட்டுத்தானே இருந்த?"

"பாத்தேன்."

"சாவி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல."

"சாவி குடுத்தா தொறந்துடுவீங்க. சுத்தியால அடிச்சா தொறக்காதுன்னு நெனச்சேன்."

தையல்காரர் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். "எப்ப இருந்து தெரியும்?"

"மூடி மாட்டின அன்னிக்கே. சாவிய என்கிட்டதான் குடுத்து வெச்சான்."

"ஏன் சொல்லல?"

அவள் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஊர்ல ஒருத்தன நீங்க நம்பினதில்ல. பால்காரர் ஊத்தின பாலக்கூட வேற டம்ளர்ல ஊத்தி அளப்பீங்க. இவன் பேச்ச எடுத்தா மட்டும்தான் உங்க முகத்துல ஒரு சந்தோஷம் வரும். அதப் போய் நான் எதுக்குக் கெடுக்கணும்? வீல் போனா போகுதுன்னு விட்டுட்டேன்."

"வீலா போச்சு?" என்றார் தையல்காரர்.

டாக்டர் டிரில்லின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றி முடித்துவிட்டு, பிரித்து மறுபடி சுற்றினார்.

மச்சினன்தான் பேசினான். "அத்தான், ஒண்ணு மட்டும் கேளுங்க. அந்த நாலாவது உங்க சொந்த வீல்தான். நான் மூணுதான் எடுத்தேன். ஒண்ணு உங்களுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன். சத்தியமா. அக்கா மேல சத்தியம்."

"அப்ப உன் வண்டில நாலாவது?"

"சுவத்துப் பக்கம் பின்னால இருக்கறது சாதா வீலு, அது உங்க கண்ணுல படக் கூடாதுன்னுதான் எப்பவும் சுவத்த ஒட்டி நிறுத்துவேன். போய்ப் பாருங்க. இல்லேன்னா சாவிதான் கையில இருக்கே, தொறந்து பாருங்க. நான் சொல்றது பொய்னா என்னைச் செருப்பால அடிங்க."

தையல்காரர் மனைவியின் கையிலிருந்து கொத்தை வாங்கினார். பூ வெட்டுச் சாவியை மட்டும் வளையத்திலிருந்து கழற்றினார். பின்பக்க வலது சக்கரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார். சாவியைப் போல்ட்டில் வைத்தார். அளவெடுத்துத் தைத்த சட்டை உடம்பில் உட்காருவதுபோல அது உட்கார்ந்தது. காலையெல்லாம் ஒரு தெரு எண்ணெய்க்கும் அசையாத ஜாதியைச் சேர்ந்த போல்ட், சாவி பட்டதும் ஒரு மயிரிழை இளகியது. கைக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் போதும்.

வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு தையல்காரர் சாவியை இளகிய அளவுக்குத் திரும்பவும் இறுக்கிவிட்டு, வெளியே எடுத்தார்.

"தொறக்கலயா மாஸ்டர்?" என்றார் டாக்டர்.

"இல்ல."

"பாத்துடறது நல்லதில்லயா? ஒருவேள இருந்துட்டா?"

"அதுக்குத்தான் பயமா இருக்கு டாக்டரே. இருந்துட்டா இவன் சொன்னதுல ஒண்ணு நிஜம்னு ஆயிடும். அந்த ஒண்ணப் பிடிச்சுக்கிட்டு நான் மறுபடி முதல்ல இருந்து நம்ப ஆரம்பிச்சுடுவேன். என்னை எனக்குத் தெரியும்."

எழுந்து, தெருவோரச் சாக்கடையின் கம்பி மூடிக்கு மேல் கையை நீட்டிச் சாவியை விட்டார். அது கம்பியில் ஒருமுறை பட்டு உள்ளே போனது. எதிர்ச் சுவர்ப் பக்கம் நடந்து போய்ப் பார்க்கவும் இல்லை. அங்கே பத்தடிகூட இருக்காது.

"நாளைக்கே மூணு வீலையும் கொண்டுவந்து மாட்டிடறேன் அத்தான்," என்றான் மச்சினன். "கழுவித் துடைச்சு, புது நட்டு போட்டு."

"வேணாம்."

"அப்ப நான் என்னதான் பண்ண?"

"போ," என்றார் தையல்காரர்.

அந்த வாசலில் யாரையும் அவர் அப்படிச் சொல்லி அனுப்பியதில்லை. கால்சட்டை பிடிக்கவில்லை என்று சண்டை போட்டுவிட்டுப் போனவனைக்கூட 'போயிட்டு வாங்க' என்றுதான் அனுப்பியிருக்கிறார். 'வா' என்கிற அந்தப் பாதி வருமா என்று மச்சினன் காத்து நின்றான். வரவில்லை என்று தெரிந்ததும் அக்காவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவன் காரில் ஏறிப் போனான். சக்கரம் நாலும் சத்தமில்லாமல், நேராக ஓடின.

கார் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது, மூன்று சக்கரம் திறந்தும் ஒன்று பூட்டியும். நாலாவது மூடியின் மேல் மட்டும் தூசி படியவிடாமல் தையல்காரர் தினமும் துடைக்கிறார். ஆனால் அதில் பார்த்து வகிடு எடுப்பதில்லை. கடைக்கு நடந்தே போகிறார். மனைவியோடு சண்டை எதுவும் இல்லை. முன்போலவே அவள் டீ கொண்டுவந்து வைப்பாள், சர்க்கரை போட்டிருக்கிறேன் என்பாள். அவர் தலையாட்டுவார். பிறகு ஸ்பூனை எடுத்து, அடிவரைக்கும் ஒரு தடவை கலக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

தையல்காரரின் மனைவி அவளுடைய பெற்றோருக்கு ஒரே பிள்ளை. கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. இதுவும் முதலில் வைத்த ஆணைக்கு உட்பட்டதுதான்; இடது காது இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.